நடுக்கயிற்றில் நடப்பவர்

கோடை வந்தால் சுவிஸ் தமிழ்ப் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் இப்போதெல்லாம் கடற்கரையைவிடப் பனிமலைதான் அதிகம். தலைக்கவசமும் இடுப்பில் கயிறுமாக நாலாயிரம் மீட்டர்ச் சிகரம் ஒன்றில் நிற்கிறார்கள், பின்னால் மாட்டர்ஹோர்ன். நல்லதுதான். தாய் தகப்பன் அகதி முகாமிலிருந்து உணவகச் சமையலறைக்குப் போய், சமையலறையிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தே காலம் கழித்த நாட்டில், பிள்ளைகள் மலையை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல் ஏறியும் பார்க்கிறார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? படத்தோடு சேர்ந்து வருகிற வாதத்தில்தான் எனக்குச் சண்டை.

அந்த வாதம் இப்படிப் போகும். மலை பற்றித் தெரியாதவர் தனியே போவது முட்டாள்தனம். தன்னைப் போலவே ஒன்றும் தெரியாத நாலு நண்பர்களோடு போவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். ஒரு நாளுக்குக் காசைக் கட்டித் தொழில்முறை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் உயிருக்கும் காவல், கூடவே மலையேற்றமும் கைவந்துவிடும். கலைவிழா இடைவேளைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதி தவறு, அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய தவறு என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஏற்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிஸில் மலை வழிகாட்டிப் பட்டயம் வாங்க மூன்று ஆண்டாவது ஆகும். பாறை, பனி, பனிச்சரிவு, மீட்பு என எல்லாவற்றிலும் தேறியாக வேண்டும். ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் ஆகிய நான்கு நாட்டு வழிகாட்டிகள் 1965இல் தொடங்கிய சர்வதேசச் சங்கத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருப்பவர் தொழில் தெரிந்தவர்; கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 2022 ஜூலை வெப்பத்தில் உயரத்துப் பாறைகள் பிடிப்பிழந்து உதிரத் தொடங்கியபோது, மாட்டர்ஹோர்னுக்கும் மோன் பிளாங்கின் வழக்கமான பாதைக்கும் ஆள் கூட்டிப் போவதை வழிகாட்டிச் சங்கங்கள் தாங்களாகவே நிறுத்தின. பருவத்தின் உச்ச வருமானத்தை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவு அது. மாட்டர்ஹோர்னில் இதுவரை ஐந்நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவர்களில் வழிகாட்டியின் கயிற்றில் இருந்தவர்கள் சிறு பங்குதான். காவல் வேண்டுமென்றால் காசு கொடுங்கள். கொடுத்த காசுக்குக் காவல் உண்டு. இதற்கு மேல் இந்தப் பக்கத்துக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றேன். அந்த நாள் முழுவதும் கண் மூடியே இருப்பதுதான் என் முறைப்பாடு.

பிரைட்ஹோர்னை எடுத்துக்கொள்வோம். நம்மவர்களின் படங்களில் பெரும்பாலானவை அங்கே எடுத்தவை. செர்மாட்டிலிருந்து கேபிள் கார் 3,800 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. 1979இல் அந்தக் கடைசிக் கட்டம் திறந்த பிறகு 4,164 மீட்டர்ச் சிகரத்துக்கு மிச்சமிருப்பது சில நூறு மீட்டர் ஏற்றம்தான். சுரங்கவழியைத் தாண்டிப் பனியில் கால் வைத்ததும் வழிகாட்டி ஐந்தாறு பேரை ஒரே கயிற்றில் கோக்கிறார். ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, சப்பாத்தின் அடியில் மாட்டிய முள்தகட்டின் வாரை இழுத்துப் பார்க்கிறார். கயிற்றில் எட்டு முடிச்சைப் போட்டு, இடுப்புவாரில் கொளுவி, கொளுக்கியின் திருகை இரண்டு விரலால் முறுக்கிவிட்டு, தோளில் ஒரு தட்டு. அடுத்தவர். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. பார்க்க அவ்வளவு அழகான கைவேலை. பிற்பகலில் திரும்பி வந்ததும் அந்த முடிச்சுகளை அவரே அவிழ்க்கிறார். இடையில் உள்ள மணிகளில் காசு கட்டியவர் அந்த முடிச்சை ஒருமுறைகூடத் தொட வேண்டி வருவதில்லை.

நடக்கும்போது மூன்று விதி. கயிறு தொய்யக் கூடாது, கயிற்றை மிதிக்கக் கூடாது, முன்னவர் நின்றால் நிற்க வேண்டும். பின்னால் வருபவருக்கு இவ்வளவு போதும். முன்னால் போகிறவருக்கோ வேலை ஓயாது. இரவு பனி இறுகியதா என்று முதல் பத்து அடியிலேயே சப்பாத்தால் அறிந்துகொள்கிறார். முந்தைய நாள் தடம் நேராகப் போகிற ஓரிடத்தில் இவர் இடப்பக்கம் வளைந்து போகிறார். இன்னோரிடத்தில் பனிக்கோடரியின் பிடியைக் கீழே குத்திப் பார்க்கிறார். இத்தாலிப் பக்கம் ஏறுகிற முகிலை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தபின் நடையைச் சற்று வேகப்படுத்துகிறார். ஏன் வளைந்தார், எதைக் குத்தினார், ஏன் விரைகிறார்? கேட்பதற்குள் மூச்சு வாங்குகிறது. காற்றில் அவர் சொன்னாலும் காதில் விழாது. பின்னால் வருபவர் காண்பதெல்லாம் ஒரு சிவப்புச் சட்டையின் முதுகு.

செர்மாட்டில் ஒரு விடுதிச் சமையலறையின் பின்வாசலில் கேட்ட பேச்சு இது. பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சிகரத்திலும் கால் வைக்காதவர், ஆனால் வருகிற போகிற வழிகாட்டிகளுக்குச் சூப் ஊற்றியே மலையைப் படித்தவர், அன்று பிரைட்ஹோர்ன் ஏறி இறங்கிய ஒரு பொடியனைக் கேட்டார்:

“என்ன தம்பி, வரேக்கை பனிப்பாலம் இளகிப்போச்சோ?”

“எந்தப் பாலம் மாமா?”

“உந்த வெளியிலை வெடிப்புகள் கிடக்கெல்லோ. அதுக்கு மேலாலைதானே போய்வந்தனீர்.”

“அப்பிடி ஒண்டும் நான் காணேல்லை. அவர் வைச்ச அடியிலை காலை வைச்சுக்கொண்டு போனனான்.”

பொடியன் பொய் சொல்லவில்லை. பனியாற்றின் பிளவுகளைப் புதுப்பனி மூடிவிட்டால் மேலே வெள்ளை விரிப்புத்தான் தெரியும். அந்த விரிப்பில் எந்த இடம் தாங்கும், எந்த நேரம்வரை தாங்கும் என்று அறிவதுதான் பனிமலையில் பாதித் தொழில். அன்று காலையும் பிற்பகலுமாக இருமுறை அவன் அதைக் கடந்திருக்கிறான். கடந்ததே தெரியாமல் கடந்திருக்கிறான். வழிகாட்டி தன் வேலையைச் செம்மையாகச் செய்தார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அவன் ஒன்றும் கற்கவில்லை என்பதற்கும் வேண்டாம்.

கைகால் வேலையை ஒரு நாளில் கொஞ்சம் பழகலாம், மறுக்கவில்லை. முள்தகட்டோடு கால் அகட்டி நடப்பது, கோடரியைச் சரிவின் மேல்பக்கக் கையில் பிடிப்பது, இதெல்லாம் உடம்பில் ஒட்டும். மலையில் ஆட்கள் சாவது பெரும்பாலும் இவை தெரியாமல் அல்ல. புறப்படக் கூடாத நாளில் புறப்படுவது, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போவது, பிசகிய வழியைப் பிசகென்று ஒப்புக்கொள்ள அரைமணி பிந்துவது, இவைதான் கொல்கின்றன. ஒருநாள் வாடகையில் இந்த முடிவுகள் எல்லாம் வழிகாட்டியின் தலைக்குள்ளேயே எடுக்கப்படுகின்றன. பல முந்தைய இரவே முடிந்துவிடுகின்றன: மலைக்குடில் பொறுப்பாளரோடு நின்றபடியே நாலு வார்த்தை, வானிலை அறிக்கையில் ஒரு பார்வை, அன்று இறங்கி வந்த சக வழிகாட்டியிடம் ஊர்ப்பேச்சில் ஒரு விசாரிப்பு. வாடிக்கையாளருக்கு வந்து சேர்வது ஒரே வரி: “நாளைக்குப் போகிறோம், நாலு மணிக்கு.” போகவில்லை என்றால் அதுவும் ஒரே வரி.

மாட்டர்ஹோர்னில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே ஒரு வழிகாட்டிக்கு ஓர் ஆள் என்பது விதி. கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு பிராங்கைத் தாண்டும். அதற்கு முன் ரிஃபெல்ஹோர்னிலோ போலுக்ஸிலோ ஒரு வெள்ளோட்டம் கேட்பார்கள். நமது வாதக்காரர்கள் இதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள்: பாருங்கள், சும்மா காசை வாங்கிக்கொண்டு கூட்டிப் போவதில்லை, பரீட்சை வைக்கிறார்கள். சரி, பரீட்சையில் என்ன பார்க்கிறார்கள்? மூச்சுத் தாங்குமா, கால் தடுமாறுமா, உயரம் கண்டு நடுங்குமா, சொன்னதைச் சொன்னபடி செய்வாரா. வானத்தைப் பார்த்து என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நாளைக்கு அந்த வேலை அவருடையதல்ல.

3,260 மீட்டரில் உள்ள ஹோர்ன்லி குடிலின் வாசலில் விடிகாலை நாலு மணிக்கு வரிசை நிற்கும். உள்ளூர் வழிகாட்டிகளின் கயிறுகள் முதலில், வெளியூர் வழிகாட்டிகள் அடுத்து, வழிகாட்டி இல்லாதவர்கள் கடைசியில். கதவு திறந்ததும் தலைவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் ஏறும். கீழ்ப்பகுதியில் வழி பிசகுவது மிகச் சுலபம். வழிகாட்டி இல்லாதவர்கள் ஒன்றிரண்டு மணியை அங்கேயே தொலைப்பார்கள். வழிகாட்டியோ கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். இரண்டு மூன்று மீட்டர்க் குறுங்கயிற்றில் வாடிக்கையாளர் பின்னால். ஒரு பாறைக் கொம்பைச் சுற்றிக் கயிற்றை எறிந்து, “வா”, இரும்புத் தண்டில் ஒரு சுற்று, “வா.” 4,003 மீட்டரில் உள்ள சொல்வே குடிலுக்கு இரண்டரை மூன்று மணிக்குள் வந்து சேராவிட்டால் திரும்பிவிடுவார். கட்டணம் திரும்பாது. இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். மேலே ஏற்றினால்தான் காசு என்றிருந்தால் எத்தனை வழிகாட்டிகள் மனச்சாட்சியை விற்க வேண்டி வந்திருக்கும்! ஆனால் திருப்பப்பட்டவர் அங்கே படிப்பது என்ன? தனக்கு வேகம் போதாது என்பதை. அடுத்த ஆண்டு நன்றாக ஓடிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வருவார். அந்த வேகம் ஏன் வேண்டும், பிற்பகலில் அந்த முகட்டில் என்ன நடக்கும், இறங்குவதற்கு ஏறியதற்குச் சமமான நேரம் ஏன் ஆகும் என்பதெல்லாம் அவருக்குக் கடிகாரமாகச் சுருங்கிவிட்டது.

கோவில் தேரில் வடத்தைத் தொட்டவர்கள் எல்லாரும் தேர் இழுத்தவர்கள்தான், கணக்குப் பார்ப்பாரில்லை. மலைக்கயிறு அப்படியல்ல. அதில் இழுப்பவர் ஒருவர், இழுபடுபவர் மற்றவர். சிகரத்தில் எடுத்த படத்தில் மட்டும் இருவரும் ஏறியவர்களாகத் தெரிகிறார்கள்.

இந்தத் தொழிலின் மிகப் பழைய துயரத்தை வாதக்காரர்கள் அறியாதவர்கள் அல்ல. 1865 ஜூலை 14இல் மலையேறி விம்பரின் குழு மாட்டர்ஹோர்னின் உச்சியை முதன்முதலாகத் தொட்டது. இறங்கும்போது நால்வர் வடக்குச் சுவரில் விழுந்து இறந்தார்கள். கயிறு அறுந்தது எப்படி, அறுக்கப்பட்டதா, பழைய மெல்லிய கயிற்றை ஏன் பயன்படுத்தினார்கள் என்று நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேச்சு. கயிற்றைப் பற்றிய அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் திசைதிருப்பலாகவே படும். கயிறு அறுவதற்குச் சில நொடி முன் நடந்ததை விம்பரே எழுதியிருக்கிறார். முன்னால் இறங்கியவர் மிஷெல் குரோ, மோன் பிளாங்க் அடிவாரத்துச் சாமோனியின் ஆகச் சிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். அவருக்கு அடுத்தவர் ஹேடோ, பத்தொன்பது வயது. குரோ தன் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹேடோவின் கால்களைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறைப் படிகளில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஹேடோ வழுக்கினார். குரோவையும் தள்ளி, பின்னால் இருந்த ஹட்சனையும் டக்ளஸையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வழிகாட்டி இன்னொருவரின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தன் கோடரியைப் பிடிக்க அவருக்குக் கையில்லை. அமர்த்தலின் தர்க்கம் கடைசிவரை போனால் போய் நிற்கும் இடம் இதுதான்.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. ஹேடோவைச் சேர்க்கலாமா என்று விம்பர் கேட்டபோது ஹட்சன் கொடுத்த சான்று: இவர் மோன் பிளாங்கைப் பலரைவிடக் குறைந்த நேரத்தில் ஏறியவர். அனுபவசாலிகளோடு சேர்ந்து ஏறிய ஒரு சிகரம், அதற்கு எடுத்த நேரம், இவ்வளவும் தகுதிப் பத்திரமாகிவிட்டது. நேரம் சரியாகத்தான் இருந்திருக்கும். அது ஹேடோவின் நுரையீரலைப் பற்றிச் சொன்னது. ஹேடோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் நம் பிள்ளைகள் அடுத்த மலைக்குக் காட்டுகிற பத்திரம் அதே பத்திரம்தான்.

இங்கே வரலாறு தெரிந்த ஒருவர் குறுக்கிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலையேற்றமே வழிகாட்டிகளால் ஆனதல்லவா? மலையேறி மம்மரிக்கு ஒரு பூர்கெனர், கூலிட்ஜுக்கு ஒரு அல்மர் இல்லையா? அவர்கள் கற்கவில்லையா? கற்றார்கள். ஆனால் அந்த உறவு கோடைக்குக் கோடை நீண்டது. ஒரே குடிலில் மழைக்கு ஒதுங்கி நாள்கணக்கில் கிடந்தார்கள், சண்டை போட்டார்கள், சேர்ந்து திரும்பி வந்தார்கள். வழிகாட்டி எங்கே தயங்குகிறார், எந்தப் பாறையைத் தட்டிப் பார்க்கிறார் என்பதெல்லாம் அந்த நீண்ட பழக்கத்தில்தான் கைமாறியது. 1879இல் பூர்கெனரோடு மாட்டர்ஹோர்னின் சுமுட் முகட்டை ஏறிய மம்மரி, 1892இல் வழிகாட்டி இல்லாமல் கிரெபோன் சிகரத்தை ஏறக்கூடியவராக இருந்தார் என்றால், இடையில் இருந்த ஆண்டுகளுக்குத்தான் அந்தப் பெருமை. (அவர் 1895இல் நங்க பர்பத்தில் மறைந்ததை உடனே எடுத்து நீட்டுவார்கள். வழிகாட்டியோடு போயிருந்தால் மட்டும் அந்த மலையை அப்போது ஏறியிருக்க முடியுமா?) ஒருநாள் வாடகைக்காரர்கள் அந்த உறவின் பெயரைக் கடன் வாங்கி இந்த ஏற்பாட்டுக்குச் சூட்டுகிறார்கள்.

ஒருநாள் வாடகைக்கு உண்மையான முன்னோடி வேறிடத்தில் இருக்கிறது. 1820இல் ஹாமெல் என்ற ஆராய்ச்சியாளரின் மோன் பிளாங்க் பயணத்தில் மூன்று வழிகாட்டிகள் பனிச்சரிவில் புதைந்தார்கள். அடுத்த ஆண்டே சாமோனி வழிகாட்டிகள் சங்கம் அமைத்தார்கள். நல்ல சங்கம், இறந்தவர் குடும்பத்துக்கு உதவியது, தொழிலுக்கு ஒழுங்கு தந்தது. அதன் விதிகளில் ஒன்று முறை வைப்பது: வருகிற வாடிக்கையாளருக்கு அன்று யாருடைய முறையோ அவர் வருவார். தொழிலாளிக்கு அது நியாயம். ஏறுபவருக்கோ வழிகாட்டி என்பவர் பெயர் தெரியாத ஒரு முறைக்காரர் ஆனார். காலையில் கைகுலுக்கி மாலையில் கைகுலுக்கிப் பிரிகிற இன்றைய வழக்கம் அங்கிருந்து வந்தது, பூர்கெனரிடமிருந்தல்ல.

கூலிட்ஜ் என்றதும் இன்னொன்று. கிறிஸ்டியன் அல்மர் அவருக்கு ஒரு நாயைக் கொடுத்தார், பெயர் சிங்கல். அது கூலிட்ஜோடும் அவர் தாயின் சகோதரியோடும் ஆல்ப்ஸில் பல உச்சிகளைத் தொட்டது, 1875இல் மோன் பிளாங்கையும். வழிகாட்டியின் அடியொற்றி நடந்தால் உச்சி கிட்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று எனக்குத் தெரியாது. வாதக்காரர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

வழிகாட்டி தவறமாட்டார் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் தவறும் நாளில் கயிற்றில் வேறு யாராவது யோசித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டால் பதில் வராது. 1999 ஜூலையில் இன்டர்லாக்கனுக்கு அருகே சாக்சட் ஓடையில் பள்ளத்தாக்கு இறங்கும் விளையாட்டுக்கு வந்தவர்களைப் புயல்மழை வெள்ளம் அடித்துப் போனது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் வழிகாட்டிகள். மேலே வானம் கறுத்ததை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். காசு கொடுத்து அறிந்தவரோடு வந்திருக்கிறோம், அறிந்தவர் இறங்குகிறார், நாமும் இறங்குவோம். ஆபத்து விளையாட்டுகளைத் தொழிலாக நடத்துபவர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் இந்தத் துயரத்தின் நிழலில் பிறந்து 2014இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வழிகாட்டியைத்தான் கட்டுப்படுத்தலாம். வந்தவரின் தலையைத் திறந்து அதில் ஐயத்தை வைக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

2018 ஏப்ரல் இறுதியில் சாமோனியிலிருந்து செர்மாட்டுக்குப் போகும் பனிச்சறுக்குப் பாதையில், பிஞ்ஞ் தரோலா மலைக்கு அருகே, 14 பேர் புயலில் வழிதவறி இரவைத் திறந்த வெளியில் கழித்தார்கள். அவர்களில் பத்துப் பேர் வழிகாட்டியோடு வந்த குழு. ஏழு பேர் இறந்தார்கள், வழிகாட்டியும் உட்பட. வின்யெத் குடில் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தது. புயல் வருமென்று அறிக்கை வெளிப்படையாகவே இருந்தது. இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கயிற்று அமைப்பைத்தான் சொல்கிறேன். ஒருவர் முடிவெடுக்க மற்றவர்கள் நடக்க என்று அமைத்துவிட்டால் அந்த ஒருவர் முடிவு பிசகும்போது மாற்றுக்கு வழி இல்லை.

பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த மெக்கேமன் என்ற அமெரிக்கர், தேர்ந்தவர் என்று கருதப்படுகிற ஒருவர் குழுவில் இருப்பதையே மனம் விழுகிற பொறிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டார். நமக்கு அது புதிதல்ல. வாத்தியார் சொன்னால் கேள்வியில்லை, டாக்டர் எழுதினால் கேள்வியில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஐயா முன்னால் போகிறார் என்றால் பின்னால் போவதற்கு எங்கள் கால்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, இந்த ஒருநாள் ஏற்பாடு நம்மவர்களுக்கு இவ்வளவு பிடித்துப்போகிறது.

கேட்டால் சொல்லித் தருவார்களே என்பார்கள். சிலர் சொல்லித் தருவார்கள். வாடிக்கையாளரை முன்னால் விட்டு, “வழி எது, நீங்களே காட்டுங்கள்” என்று பின்னால் நடக்கிற வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி நடந்தால் நேரம் இரட்டிப்பாகும், தவறுகள் வரும், சிகரம் பெரும்பாலும் கிட்டாது. ஒரு நாளுக்குக் காசு கட்டியவர் சிகரத்துக்குத்தான் கட்டினார். மதியத்துக்குள் உச்சியில் நிற்காவிட்டால் முகம் வாடும். வழிகாட்டியும் முகம் பார்த்துப் பிழைப்பவர். சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் கிளைகள் நடத்தும் கோடைக்காலப் பனியாற்றுப் பயிற்சிகளில் முடிச்சு போடவும், பிளவில் விழுந்தவரை மேலே இழுக்கவும், நகல் எடுத்த வரைபடத்தில் விரலை ஓட்டிப் பிழைவிட்டுத் திருத்தவும் நாள்கணக்கில் வேலை வாங்கிவிடுவார்கள். அங்கே சிகரம் இருக்காது. படத்துக்குக் கீழே எழுத ஒன்றும் இருக்காது. நம்மவர்களை அங்கே பார்ப்பது அரிது.

வாடகை நாள் அந்த நாளோடு முடிந்துபோனால் நான் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டேன். ஒரு சுற்றுலா, ஒரு படம், மகிழ்ச்சி. ஆபத்து அடுத்த கோடையில் வருகிறது. ஒருமுறை காசு கட்டி ஏறியவருக்குப் பிரைட்ஹோர்ன் தெரிந்த மலையாகிவிட்டது. கேபிள் கார் இருக்கிறது, தடம் இருக்கிறது, போன வருசம் மூன்று மணித்தியாலத்தில் ஏறி இறங்கினோம், இதற்கு எதற்கு இன்னொரு தரம் வழிகாட்டிக்குக் காசு? லண்டனிலிருந்து மச்சான் வந்திருக்கிறான். வாடகைக்கு முள்தகடும் கோடரியும் கயிறும் கிடைக்கும். இருவரும் புறப்படுகிறார்கள், சற்றுப் பிந்தி, பத்து மணிக்கு மேல்.

போன முறை இவர் போன கயிற்றில் வழிகாட்டியோடு ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவர் பிளவில் காலை விட்டால் மற்ற ஐந்தாறு பேரின் எடை தானாகவே பிடித்து நிறுத்தியிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. இரண்டு பேர்க் கயிறு அதே கயிறல்ல. இடைவெளி இன்னும் அதிகம் வேண்டும். பனியில் கடித்து நிற்கிற மாதிரி இடையிடையே தடை முடிச்சுகள் வேண்டும். மிச்சக் கயிறு தோளில் இருக்க வேண்டும். மச்சான் விழுந்தால், அவன் முழு எடையும் இடுப்பில் தொங்க, குப்புறக் கிடந்தபடியே கோடரியிலிருந்து ஒரு கையை எடுத்துப் பனியில் குழிதோண்டி நங்கூரம் புதைத்து, எடையை அதற்கு மாற்றி, கப்பி கட்டி இழுக்க வேண்டும். நன்கு பழகியவர்களுக்கே அது கடினம். இவருக்கு அந்த எட்டு முடிச்சுக்கூட வராது. போன வருசம் அதைப் போட்டவரும் அவிழ்த்தவரும் வேறொருவர். கயிற்றை இருவரும் எப்படியோ இடுப்பில் சுற்றிக்கொண்டு, தடம் நேராகப் போகிறதே என்று நேராகப் போகிறார்கள். வழிகாட்டி அந்த இடத்தில் இடப்பக்கம் வளைந்ததை இவரும் கவனித்திருந்தார். காரணம் கேட்கவில்லை.